யாரும் சாகாத புத்தகங்கள்

மே 4, ஞாயிறு, காலை 11.10

வாங்கியவை ஆறு. தள்ளியவை பத்தொன்பது.

அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் இடது கையில் ஊசியோடு சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். வலது கை சும்மா இருக்கிறது. "கோடை பூரா இப்படித்தான் போகப்போகுது. நல்ல புத்தகமா நாலு சொல்லேன்டா" என்றாள். என்னைப் போய்க் கேட்டாள்! நான் கடைசியாகப் படித்தது வெல்டிங் விதிமுறைக் கையேடு.

ஆனால் சோதிப்பதுதானே என் தொழில். குழாய் இணைப்பில் விரிசல் தெரிந்தால் ரிஜெக்ட். புத்தகத்துக்கும் அதே முறை: கடைசிப் பக்கங்களை முதலில் பார். யாராவது செத்தால் ரிஜெக்ட். படுத்தால், ஆஸ்பத்திரி வந்தால், ரிஜெக்ட். 'கோடையில் படிக்க' என்று கடைக்காரம்மா தனியாக வைத்திருந்த அலமாரியையே புரட்டிப் போட்டுவிட்டேன். பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் கேட்டார்: "தம்பி, புத்தகம் வாங்க வந்தீங்களா, இன்சூரன்ஸ் எழுத வந்தீங்களா?"

மே 9

ஆறில் நாலை முடித்துவிட்டாள். பாராட்டு வரும் என்று நின்றேன்.

"என்னடா இது, நாலு புத்தகத்துல ஒருத்தனுக்குத் தும்மல்கூட வரல?"

பக்கத்து நாற்காலி லாரி டிரைவர். டயாலிசிஸில் இவளைவிட மூன்று வருடம் சீனியர். படித்தால் கண் வலிக்கிறதாம், அதனால் அக்கா சத்தமாக வாசிக்க, அவர் கேட்கிறார். அவரும் சேர்ந்துகொண்டார்: "எல்லாரும் திடகாத்திரமா இருக்காங்க தம்பி. நாங்க ரெண்டு பேரும் அந்தக் கதைக்குள்ள எட்டிப் பாத்தா அவங்களுக்குத் தொத்திக்கும் போல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு. எனக்கு எரிச்சல். நல்லதுக்குத்தானே செய்தேன்?

மே 11

இன்றும் அதே கேள்வி. என் கிட்னி அக்காவுக்குப் பொருந்துகிறது, அத்தானுடையது பொருந்தவில்லை. ஜூலையில் ஆபரேஷன் வைக்கலாம் என்கிறார் டாக்டர். என் தரப்புத் தாள்கள் எல்லாம் தயார். இவள்தான் கையெழுத்துப் போடாமல் இழுக்கிறாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது."

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"அதைத்தான் சொன்னாரு."

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இவளுக்கு ஒவ்வொரு வாரமும் முகம் சுருங்கிக்கொண்டே போகிறது. இதில் என்ன யோசனை வேண்டிக்கிடக்கு?

மே 14

கடைக்காரம்மா என் விதிமுறைகளைக் காதிலேயே வாங்கவில்லை. "இதைக் கொண்டு போங்க. இந்தக் கோடைக்கு இதைவிட நல்லது என்கிட்ட இல்லை" என்று ஒன்றைக் கையில் திணித்தார். பதினோரு வருடமாக வீடு திரும்பாத கப்பல் சமையல்காரனின் கதை. பஸ்ஸில் சும்மா பிரித்தேன், இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. இரவுச் சாப்பாட்டையும் மறந்து முடித்தேன். வெங்காயம் நறுக்குவதைக்கூட இப்படி எழுத முடியுமா?

ஆனால் கடைசி அத்தியாயத்தில் செத்துப்போகிறான். துறைமுகம் சேருவதற்கு ஒரு நாள் முன்னால், காய்ச்சலில்.

மே 15

குழாய் முழுக்கச் சரியாக இருந்து ஒரு முனையில் மட்டும் விரிசல் என்றால் குழாயைத் தூக்கி எறிவோமா? அந்த முனையை வெட்டுவோம். இரும்பு அளவுகோல், புது பிளேடு, கொஞ்சம் பசை. கடைசி அத்தியாயம் போனது. அதற்கு முந்தையது 'கரை தெரிந்தது' என்று முடிகிறது. முடிவுக்கு அது போதாதா? வெட்டிய தாள்கள் குப்பை வண்டியோடு போயாச்சு. தடவிப் பார்த்தாலும் தெரியாது.

மே 19

வார்டில் அக்கா அந்தக் கப்பல் கதையை வாசிக்கும்போது டிரைவரின் மெஷினைக் கவனிக்கும் நர்ஸ்கூட நின்று கேட்கிறாராம்.

மே 23

உள்ளே நுழைந்ததும் அக்கா புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"கத்தி வெச்சது நீதானே?"

டிரைவர் சொன்னார்: "நடு ரோட்ல டயர் வெடிச்ச மாதிரி நின்னுருச்சு தம்பி. அவன் வீட்டுக்குப் போனானா இல்லையா?"

அவரை விடு. அக்கா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "முன் பக்கத்துல பொருளடக்கம்னு ஒண்ணு இருக்கும்டா மடையா. இருபத்திநாலு அத்தியாயம்னு போட்டிருக்கு. இருபத்திமூணுதான் இருக்கு."

"நீ வருத்தப்படக் கூடாதுன்னுதான்—"

"அதான் தெரியுதே. இதுல முடிவை வெட்டினவன், டாக்டர் சொன்னதுல எதை எதை வெட்டின? உனக்கு என்ன ஆகும்னு தெரியாம உன் உடம்புலேர்ந்து எப்படிடா ஒண்ணை எடுத்துக்குவேன்? எனக்கு வேண்டாம். போ."

வேண்டாமாம். ஒரு கதைப் புத்தகத்துக்காக உயிரை வேண்டாங்கறா. நான் என்ன பண்ணிட்டேன் அப்படி? — என்ன பண்ணிட்டேன்?

மே 24

அக்கா போன் எடுக்கவில்லை. அத்தான் எடுத்து, "இப்ப வேண்டாம் மாப்ளே" என்று வைத்துவிட்டார்.

வேலையில் இன்று ஒரு இணைப்பை ரிஜெக்ட் செய்தேன். ஃபிட்டர் கெஞ்சினார்: "சின்ன கீறல்தான் சார், எழுதாம விட்டுடுங்களேன்." எழுதாமல் விட்டால் அது என்ன ரிப்போர்ட் என்று அவரிடம் கத்தினேன். கத்திவிட்டு, அதே வாக்கியத்தை எனக்கும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

மே 26

இன்னொரு பிரதி கேட்டேன். "முன்னாடி வாங்கினது?" என்றார் கடைக்காரம்மா. சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், அந்தக் கடைசி அத்தியாயத்தைத் திறந்து தானே ஒரு முறை படித்துவிட்டுக் கொடுத்தார்.

மே 28

புத்தகத்தைக் கொடுத்தேன். அக்கா பிரித்து, கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தாள். ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

முடிந்ததும் டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கரையைப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்துட்டான்ல. எனக்கு என்னமோ அவன் கரைக்கும் போகாம கடல்லயே நிக்கறான்னு அஞ்சு நாளா தூக்கமே இல்லை" என்றார். நிஜமாகவே நிம்மதி அவர் முகத்தில். இதை நான் எந்த விதிமுறையிலும் படித்ததில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இப்ப உன்னோடதைச் சொல்லு. பக்கம் விடாம."

சொன்னேன். ரத்தம் போகலாம். சீழ் பிடிக்கலாம். மிச்சமிருக்கும் ஒன்றில் பிற்காலத்தில் ஏதாவது வந்தால் மாற்று கிடையாது. பத்தாயிரம் பேர் கொடுத்தால் மூன்று பேர் மேஜையிலிருந்து எழுந்திருப்பதில்லை என்று டாக்டர் சொன்னார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமேகூட. அக்கா சும்மா இருந்த கையை நீட்டி என் காதைப் பிடித்துத் திருகினாள், வலிக்கிற அளவுக்கு. "எனக்கும்தான்டா" என்றாள். "ரெண்டு நாள் குடு. யோசிக்கிறேன்."

ஜூன் 1

செய்ய வேண்டியவை:

1. கையெழுத்தான தாள்களை நாளை ஆஸ்பத்திரியில் கொடுப்பது. இரண்டு கையெழுத்தும் இருக்கிறது.

2. ஜூலையில் ஆறு வாரம் லீவு கேட்பது. காரணத்தை முழுசாக எழுதுவது.

3. டிரைவருக்கு வாசிக்க ஆள் பிடிப்பது. நர்ஸ் பாதி சம்மதித்திருக்கிறார்.

4. எனக்கும் படுக்கைதான், நான் என்ன படிக்கலாம் என்று அக்காவைக் கேட்டேன். ஒன்று சொன்னாள். தடியான புத்தகமாம். எப்படி முடியும் என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. போய் வாங்குவது.