பாய் நனையாத காலைகள்

குவைத்
மாசி 2012

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் நெஞ்சுச் சளி குறைந்துவிட்டதா? மாமியின் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? மாதாவின் கிருபையால் நான் சுகம். இங்கே குளிர்தான், ஆனால் மேடம் ஒரு கம்பளிச் சட்டை தந்திருக்கிறார். யோசிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நீங்கள் போனை மகளிடம் கொடுத்தபோது ஒரு பகிடி நடந்தது.

"அம்மா, நான் இப்ப பாயை நனைக்கிறேல்லை. எப்ப வாறியள்?" என்றாள் மெறினா.

"அதுக்கும் நான் வாறதுக்கும் என்னம்மா?"

"நான் நனைக்கிறபடியாத்தானே போனனீங்கள்? பக்கத்து வீட்டு அன்ரி சொன்னவ. நான் இரவிலை நித்திரை கொள்ளுறேல்லை அம்மா, முழிச்சுக்கொண்டு இருக்கிறன்."

நான் சிரித்தேன். பதில் சொல்லுமுன் போன் கார்டில் காசு முடிந்துவிட்டது.

இந்த வீட்டுச் சின்னவனுக்கும் அவளுடைய வயதுதான். படுக்குமுன் அவனைக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போவது நான்தான்.

நம்முடைய கக்கூசு இன்னும் வளவின் மூலையில்தானே? அந்த இருட்டுக்கு அவள் பயப்படுவாள். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பொழுதுபட்டபின் தேத்தண்ணீர் வேண்டாம். சண்டை முடிந்து நம் ஊர் அரிப்புக்குத் திரும்பி வந்தபோது நிவாரணமாகத் தந்த, தண்ணீர் ஊறாத தறப்பாளில் ஒரு துண்டு வெட்டிப் பாய்க்குக் கீழே விரியுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார். அத்தான், அவளை நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். நனைத்தாலும் அம்மாவுக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள். அப்படியென்றால் அம்மா ஏன் போனவ என்று கேட்பாள்.

உங்கள் மனைவி
சோபனா