இல்லாத நான்காவது தளம்

ஆகஸ்ட் 26, செவ்வாய், காலை 10.40

ஐந்தாவது தளத்தில் சுத்தம் செய்ய வேண்டிய ஏ.சி. ஒன்பது. முடிந்தவை எட்டு. 507க்குள் விடவில்லை. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தொப்பிக்காரன், "ஏ.சி. வேணாம், போ" என்றான். தைவானில், அதுவும் காவோசியுங்கின் ஆகஸ்ட் புழுக்கத்தில் ஏ.சி. வேண்டாமாம்! எவன் நம்புவான்?

மாலை

வரவேற்பு மேசைக்கு ஏதோ உதவி மையத்திலிருந்து போன். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கூப்பிட்டாளாம்: துறைமுகம் பக்கம், நீலப் பலகை வைத்த ஓட்டல், நான்காவது தளம், பூட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டதாம். எங்கள் பலகையும் நீலம்தான். மேசையிலிருந்த சூ-ஃபென் அக்கா உள்ளதைச் சொன்னார்: எங்களிடம் நான்காவது தளமே இல்லை. எங்கள் மொழியில் நான்கும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஒலி; சாவு எண்ணில் யார் தூங்குவார்கள்? அடுத்த ஓட்டலில் கேட்கிறோம் என்று மையத்தார் வைத்துவிட்டார்கள்.

"பேயெல்லாம் வெளிய உலாத்துற மாசம்டா யோ-லுன். இல்லாத தளத்துலேர்ந்தெல்லாம் போன் வருது" என்றார். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 27

507 கதவின் பார்வைக் கண்ணாடி திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கத்தான் அது. இப்போது நடையில் நிற்பவன் உள்ளே பார்க்கலாம். தானாகத் திரும்பும் சாமான் இல்லை. கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

அந்த அறையைச் சுத்தம் செய்யக்கூட யாரும் போவதில்லை. தொப்பிக்காரன் கேட்டபோதெல்லாம் தங்கும் நாட்களை நீட்டித்துக் கொடுப்பது யார்? சூ-ஃபென் அக்கா. நேராகவே கேட்டுவிட்டேன், எவ்வளவு தருகிறான் என்று.

"பத்து வருஷமா இந்த மேசைல உக்காந்திருக்கேன். என்னையா கேக்குற? போய் உன் பைப்ப பாரு."

கோபம் உண்மையா, நடிப்பா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 28

காவ் மேலாளரிடம் கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். விருந்தினரின் அந்தரங்கம், தலையிடாதே என்றார். அந்தரங்கமா? உள்ளே பார்ப்பவனுக்கா, உள்ளே இருப்பவருக்கா? இவரும் கூட்டா?

ஆகஸ்ட் 29

மதியம் எதிர்க்கடையில் மாட்டுக்கறி நூடுல்ஸ். 507இன் ஜன்னலில் திரை ஆடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். எந்த வரிசை என்று தெரிய வேண்டுமே - கீழிருந்து எண்ணினேன். வரவேற்பறை ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நான்கு!

நான்காவது வரிசைதான் எங்கள் ஐந்தாவது தளம். மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று எண் போட்டது நாங்கள். அடைத்து வைத்த பெண்ணுக்கு லிஃப்டின் பொத்தானா தெரியும்? ஜன்னல் வழியாக எதிர்க்கட்டடத்தைப் பார்த்து எண்ணியிருப்பாள். அவள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். நாங்கள்தான் - சே, மின்பொறியியல் படித்தவனாம்! மூணு நாளா என்னத்த புடுங்கிட்டு இருந்தேன்?

சாப்பிடாமல் ஓடினேன். சூ-ஃபென் அக்கா முழுதாகக் கேட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. உடனே போலீசுக்குப் போன். போலீஸ் வந்தால் ஓட்டல் பெயர் கெடும், வை என்று காவ் கையை நீட்டினார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"நாலாவது தளம் இல்லன்னு சொன்னது நான்தாங்க. இருக்கு. ஐநூத்தி ஏழு. சீக்கிரம் வாங்க."

ஆகஸ்ட் 31

அவள் பெயர் சுமியாத்தி. இந்தோனேசியா. வீட்டு வேலை என்று அழைத்து வந்தார்களாம். இப்போது காப்பகத்தில் இருக்கிறாள். தொப்பிக்காரன் காவலில். அவனுக்கு உதவியவர்கள் ஓட்டலில் யாருமில்லை என்கிறது போலீஸ். கண்ணாடியை அவனே ஒரு நாணயத்தால் திருகிக் கழற்றியிருக்கிறான். காசு வந்தால் போதும் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காவ் என்னை நாளைமுதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சுமியாத்தி பேசியதைப் போலீசுக்கு மொழிபெயர்த்த அம்மாள் போகும்போது சொன்னார்: செவ்வாய் வரை அந்த அறையில் இரண்டு பேர். போன் பேசியது மற்றவள். பேசும்போதே தொப்பிக்காரனிடம் பிடிபட்டுவிட்டாள். புதன் விடியுமுன் அவளை மட்டும் எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைதான் நாங்கள் சிரித்தோம்.

இனி:

1. சூ-ஃபென் அக்காவிடம் மன்னிப்பு. போனில் இல்லை, நேரில்.

2. நடையின் கேமராப் பதிவு பதினைந்து நாளில் தானாக அழியும். காவ் கை வைக்குமுன் எடுத்துவைக்கச் சொல்லிப் போலீசுக்கு எழுத வேண்டும்.

3. நீதிமன்றத்தில் சாட்சி. கூப்பிட்டால் அல்ல, கூப்பிடச் சொல்லி நானே போக வேண்டும்.

4. சுமியாத்தி பேச ஒப்புக்கொண்டால் மற்றவளின் பெயரைக் கேட்க வேண்டும். பெயர்கூடத் தெரியாமல் எப்படித் தேடுவது?