மனுகாவ் கடையின் பின்னறை

லின்ஃபீல்ட், ஆக்லாந்து
ஆகஸ்ட் 23, சனிக்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சிந்து எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். மற்றபடி நலம் என்று எழுதினால் அது பொய். இந்த வாரம் முழுக்க நீங்கள் வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் நெட் சரியில்லை என்று சொல்லி முகத்தைக் காட்டாமல் பேசினேனே, நெட்டுக்கு ஒரு கேடும் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். அத்தை பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். நாலு நாள் ஆபீஸ், ஒரு நாள் கல்லூரி. கடைகளையும் கிடங்குகளையும் அளந்து, இதற்கு இன்ன வாடகை தகும் என்று எழுதிக் கொடுக்கப் பழகுகிறேன். இருபத்தெட்டு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில். அத்தையோ பீளமேடு முழுக்க மருமகள் நியூசிலாந்தில் பெரிய ஆபீசர் என்று சொல்லி வைத்திருக்கிறார். ஆபீசர் இங்கே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு.

மே மாதம் இந்த ஊரின் தெற்குப் பக்கம் மனுகாவில் ஒரு மளிகைக் கடையை அளக்கப் போனோம், நானும் என் மேலதிகாரி ஹெலனும். கட்டட உரிமையாளர் சார்பில் போனோம். கடையை வாடகைக்கு வைத்திருப்பவர் தனபாலன், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். மனைவி பெயர் வேதவள்ளி. என் பெயரைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். வேதவள்ளி அக்கா அளக்கவிடாமல் டீயைக் கையில் திணித்தார். கடைக்குப் பின்னால் ஒரு சரக்கறை இருந்தது. அதன் வாசலில் முருகன் படம், முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னை அறியாமலே பூட்ஸைக் கழற்றிவிட்டேன். வேலைக்குப் போன இடத்தில் பாதுகாப்பு பூட்ஸைக் கழற்றவே கூடாது என்பது முதல் வாரப் பாடம். ஹெலன் மெதுவாகத்தான் சொன்னார், மாட்டிக்கொள் என்று. கட்டைவிரல் வெளியே தெரியும் ஓட்டை சாக்ஸோடு நின்றேன். முகமெல்லாம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தனபாலன் அண்ணன் என்னிடம் தமிழில் சொன்னார். அந்த அறை கட்டடத்தோடு வந்ததில்லை, வெறும் திறந்த வெளியாகக் கிடந்ததை, உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, தானே சுவர் எழுப்பிக் கூரை போட்டுக்கொண்டதாக. வாடகைக்கு இருப்பவர் தானே கட்டிக்கொண்டதை வாடகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது. எனக்கு அது தெரியும். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். நம்ம பிள்ளை ஒருத்தி வந்திருக்கும்போது இவளிடம் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார். என்ன சொல்கிறார் என்று ஹெலன் கேட்டார். ஒன்றுமில்லை, ஊர்க்கதை பேசுகிறார் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். பூட்ஸைக் கழற்றிய அவமானத்தில், ஹெலன் கண்ணுக்கு நானும் அவர்களும் ஒன்றாகத் தெரியக் கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். நான் பேசுகிற தமிழே அந்த நிமிஷம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. குறிப்பேட்டிலும், வாடகைதாரர் குறிப்பாக எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாளை போய், வாரம் போய், அறிக்கையும் போய்விட்டது. அக்கா கட்டிக் கொடுத்த முறுக்கை மட்டும் மறக்காமல் ஆபீஸில் எல்லோருக்கும் பங்கு வைத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

போன ஞாயிறு கோவிலில் வேதவள்ளி அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, வாடகையை ஏகத்துக்கு ஏற்றிவிட்டார்கள், உனக்குத்தான் இந்த விவரமெல்லாம் தெரியுமே, எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்லம்மா என்றார். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் இந்த வாடகையே நிலைத்துவிடும், பிறகு கடையை மூட வேண்டியதுதான் என்றும் சொன்னார். கடைசிப் பக்கத்தில் பின்னறையின் அளவு இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. அவர் அதைக் கவனிக்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்று நழுவினேன். போகும்போது தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டுப் போனார்.

இதுவரை படித்துவிட்டு, கூச்சத்தில் செய்த தப்புதானே என்று எனக்காக வாதாடத் தொடங்கியிருப்பீர்கள். உங்கள் குணம் அது. கொஞ்சம் பொறுங்கள். இனிமேல் வருவதுதான் எனக்கு எழுதக் கை வராதது.

உங்கள் விசாவுக்கு, என் வேலைக்குச் சான்றாக ஆபீஸ் தரவேண்டிய கடிதம் செவ்வாய்க்கிழமை கையெழுத்தாக இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே ஹெலனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், கடிதமும் வராது. நீங்களோ பம்ப் கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டு, இந்த மாதக் கடைசியில் வேலை முடிய நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கடிதத்தை வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்தேன். சிந்து நம்பிக்கைக்குரிய ஊழியர் என்று ஹெலன் அதில் எழுதியிருந்தார். படித்துவிட்டு, நன்றி என்று சிரித்தேன். புதன்கிழமைதான் வாயைத் திறந்தேன்.

ஹெலன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என் குறிப்பேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். பிறகு உரிமையாளருக்குப் போன் போட்டு, தப்பு எங்கள் பக்கம்தான் என்றார். மதியமே என்னையும் கூட்டிக்கொண்டு மனுகாவுக்குப் போனார். அங்கே நான் சொன்ன பொய்யை ஹெலன் மறைக்காமல் சொன்னார். தனபாலன் அண்ணன் அந்தப் பழைய அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவந்து ஹெலன் கையில் கொடுத்தார். நான், அண்ணா, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நேரில் வந்து சரிசெய்ததற்கு நன்றி என்று, முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படிக் கூசிப்போயிருக்க மாட்டேன். வேதவள்ளி அக்கா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

உரிமையாளர் தரப்பில் வாடகை நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடை நிற்கும். அந்த மட்டில் நிம்மதி.

திரும்பி வரும்போது காரில் உங்கள் விசாக் கடிதத்தை எடுத்து ஹெலனிடமே கொடுத்துவிட்டேன். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தேன், அதற்கும் சேர்த்துத் திட்டுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். வைத்துக்கொண்டால் புதுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். அனுப்பிவிட்டால் படிப்பும் அதோடு சரி, என் விசாவே கேள்விதான். ஆகவே திங்கட்கிழமை போனதும் ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியுமா என்று உங்கள் மேனேஜரைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அத்தையிடம் நானே சொல்கிறேன். எனக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டாம், நான் சொன்னதே போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டாயே என்று மட்டும் என்னை மெச்சிவிடாதீர்கள். ஹெலனும் அப்படித்தான் ஏதோ சொல்ல வந்தார், காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் நினைவுக்கு வருகிறது.

வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு அலையாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இங்கே வருவதற்குத் துணிமணி எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தால், அந்தப் பெட்டியை அத்தை கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள். பிரிக்க மட்டும் வேண்டாம்.

உங்கள்
சிந்து