பூசைக்கு வைத்த ஸ்பேனர்

என் சரோஜா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிவிட்டது. இன்றைக்கு மறுபடியும் ஆயுத பூசை. மஸ்கெலியா பஜாரில் என் சைக்கிள் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னோடு பேசாமல் இன்றைக்குச் சோறு இறங்காது.

உன் முழங்கால் வலிக்காகத்தான் கொழும்பிலிருந்து அந்த மோட்டாரை வாங்கி வந்தேன். தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு ஒரே ஏற்றம். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை உன்னிடம் விட வருவதற்கு முன்னால் நீ அங்கே இருக்க வேண்டும். உன் பழைய சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நடுவில் மோட்டார் வைத்த சக்கரத்தைப் பூட்டினேன். நீ மிதிக்காமலே மேட்டில் ஏறியதைப் பார்க்க லயமே வாசலுக்கு வந்தது. 'கரண்டு அக்கா' என்று உனக்குப் பெயரும் வைத்தார்கள். அன்றைக்கு எவ்வளவு சிரித்தாய்!

பிறகு ஒரு நாள், சத்தம் வருகிறது என்றாய். நானும் பெரிய டாக்டர் மாதிரி கேள்வி கேட்டேன். கரகரவென்றால் உள்ளே பல்சக்கரம் தேய்கிறது, ஊளையிட்டால் பேரிங், உரசினால் பிரேக் கட்டை. நீ எதற்கும் தலையாட்டவில்லை.

"அதெல்லாம் இல்லடா. பிடியத் திருகுனா ஒரு டக். விட்டா இன்னொரு டக். அம்புட்டுத்தான்."

சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை அந்தரத்தில் சுற்றவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. "ஒண்ணுமில்லக்கா, ஒனக்குத்தான் காது கோளாறு" என்றேன்.

"சும்மா சுத்துனா எப்புடிடா வரும்? என்னைய செமந்துக்கிட்டு மேடு ஏறுறப்பல்ல அது கத்துது!"

சரியாகத்தான் சொன்னாய் அக்கா. யாருக்குக் காது கோளாறு?

போன பூசையன்று காலையில் வந்து நின்றாய். சத்தம் கூடிப்போச்சு, ஒரு தடவை பாருடா என்றாய். நானோ ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தேன். மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது என்பது அப்பா காலத்துப் பழக்கம், உனக்கும் தெரியும். "நாளைக்கு மொத வேலை ஒன்னோடதுதான்" என்றேன். "சரிடா, சாமி காரியம்" என்று, காம்பராப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பூசைக் கடலையை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறிப் போனாய். நடந்து போ அக்கா என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?

கோயில் வளைவில் முன் சக்கரம் கழன்று தனியே ஓடியதாம். நீ ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தாய். அங்கே கிடந்த கல்லில் தலை அடிபட்டது. உன்னை ஏற்றிய லொறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நீ இருக்கவில்லை. முந்தானை முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. வெளியே அச்சு நட்தான் தளர்ந்திருந்தது. திருகும்போது அச்சு ஒரு பக்கம் முட்டியிருக்கிறது, விடும்போது மறுபக்கம். முட்டி முட்டி, அச்சு உட்காரும் ஃபோர்க்கின் வாயே அகன்றுபோயிருந்தது. விதி என்கிறாள் பெரியம்மா. விதியா அக்கா? அரைச் சுற்று நட்டுக்குப் பேர் விதியா?

இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? ஸ்கூலுக்குப் புதிதாக வந்திருக்கிற யாழ்ப்பாணத்து டீச்சர், உன்னுடையதைப் போலவே மோட்டார் வைத்த சைக்கிளோடு வாசலில் வந்து நின்றார்.

"கடை பூட்டோ தம்பி? பிடியைத் திருகி வெளிக்கிடேக்க ஒருக்கா டக் எண்டுது. விடேக்கயும் டக் எண்டுது. நாளைக்கு வரட்டோ?"

"ஏறாதீங்க டீச்சர்!" என்று கத்தினேன். உள்ளே ஓடி, சாமி முன்னால் இருந்த பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். குங்குமம் கையெல்லாம் ஒட்டியது. அரைச் சுற்று, அவ்வளவுதான் அக்கா. பிறகு நானே ஏறி அந்த மேட்டில் இரண்டு தடவை போய் வந்தேன். சத்தம் இல்லை.

"ஏன் தம்பி அழுறீர்?" என்று டீச்சர் கேட்டார். கையிலிருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை அவரிடம் கொடுத்தேன்.

இனி எந்தப் பூசைக்கும் அந்த ஸ்பேனரைப் படத்துக்கு முன்னால் வைக்க மாட்டேன். அது என் சட்டைப் பையில் இருக்கும். சாமி கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். யார் வந்து சத்தம் என்றாலும், அன்றைக்கே பார்ப்பேன். இது உன் மேல் சத்தியம்.

நாளைக்கு என்று சொன்ன உன் தம்பி,
மணி