மூணாவது தடவை

தை 4, வெள்ளி
எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் எழுத்தாகிறது. பேத்தி மஞ்சு காட்டிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் பெரியவர்களுக்கு செஸ் போட்டி. சிமெண்ட் லாரி வரிசையில் காத்துக் கிடந்தபோது டிரைவர்களிடம் கற்ற ஆட்டம். நாற்பது வருசத்து ஆட்டமெல்லாம் காய் காயாக நினைவிருக்கு.

தை 6, ஞாயிறு
ஜெயித்தேன். கறுப்புக் காய்.

தை 7, திங்கள்
“கப்பு வாங்கிட்டு வந்து, தோத்தவனாட்டம் ஏன் உக்காந்திருக்க?” என்கிறாள் என் சம்சாரம் ரெங்கம்மாள்.

அவளிடம் எப்படிச் சொல்ல? நேற்று கடைசி ஆட்டத்தில் ஆண்டிமடம் கண்ணையன் சார் வெள்ளை. ராணியால் செக் மேல் செக் வைத்தார். ஒரே நிலை மூணு தடவை வந்தால் டிரா கேட்கலாம். கேட்டார். அவசரத்தில், காய் நகர்த்தலை எழுதும் அவர் தாளில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. எனக்குத் தாளே இல்லை, எழுதத் தெரியாதவன் என்று விட்டுவிட்டார்கள். நடுவர் மணிவேல் சிரித்தார்: “அரியமுத்து அய்யா தலையே தாளு. நீங்க சொல்லுங்கய்யா, எத்தனை தடவை?”

மூணு. நல்லாத் தெரியும்.

“ரெண்டுதாங்க” — என் வாய்தான் சொன்னது.

அடுத்த செக்குக்கு ராஜாவை வேறு கட்டத்தில் வைத்தேன். சார் குழம்பிப்போய் ராணியைப் பறிகொடுத்தார்.

தை 10, வியாழன்
மணிவேல் போன். கண்ணையன் சார் ஆட்டத்தையே விட்டுட்டாராம். “எனக்குத் தலை போயிடுச்சு, வராததை வந்ததா நெனச்சேன்”னு அழுவுறாராம். மறதி நோயான்னு பாக்க, மக லாவண்யா அடுத்த வாரம் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போவுதாம்.

அய்யோ. ஒரு கப்புக்கா இதச் செஞ்சேன்?

தை 11, வெள்ளி
மூணு பஸ் மாறி ஆண்டிமடம். சார் வீட்டில் பலகையைப் போட்டு, முதல் காயிலிருந்து மொத்த ஆட்டத்தையும் வைத்துக் காட்டினேன். அந்த நிலை வந்ததும் “ஒண்ணு” என்றேன். அப்புறம் “ரெண்டு”. மறுபடி வந்தபோது சாரை நிமிர்ந்து பார்த்தேன்.

“மூணு” என்றார் அவர். மகளைத் திரும்பிப் பார்த்தார். “லாவண்யா, எனக்கு ஒண்ணுமில்லம்மா.”

எனக்கு வைத்த காபி ஆறிப்போனது. குடிங்க என்று யாரும் சொல்லவில்லை.

தை 12, சனி
மணிவேலிடம் சொல்லி, கப்பைத் திருப்பிக் கொடுத்தாச்சு. அவர் இப்போது சிரிக்கவில்லை.

தை 19, சனி
ஆண்டிமடத்திலிருந்து கண்ணையன் சார் போன்.

“நாளைக்கு வாங்க, அரியமுத்து. ஒரு ஆட்டம் போடுவோம். உங்க காயையும் நானே எழுதிக்கிறேன்.”

சரிங்க என்றேன்.