ஊதா பிளேட்டின் நான்காம் நாள்

அடியே,

இன்று காலை கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் மேல்தட்டில் அந்த ஊதா பிளேட். நீ போனபிறகு நம் புத்தூர் லேபில் பிளேட்டில் ஊற்றும் அந்த ஊதா மீடியாவை யாரும் காய்ச்சவில்லை. இந்த வாரம் நான்தான் காய்ச்சினேன்.

நோயாளி ஸ்ரீரங்கத்துப் பக்கம் வாழை போட்டிருப்பவர். சர்க்கரைக்காரர். ஒரு மாதமாகக் காய்ச்சல், இருமல். டிபி கிருமி தெரியவில்லை, ஆனாலும் டிபி மாத்திரைதான் என்று பேச்சு. எனக்கு, மண்ணிலிருந்து வந்து டிபி போலவே காட்டும் அந்தக் கிருமிமேல் சந்தேகம். சளியை வழக்கமான பிளேட்டில் தடவினால் தொண்டைக் கிருமிகள் முந்திப் படர்ந்து அதை மூடிவிடும். ஊதா மீடியாவில் அவற்றை அடக்க மருந்து சேர்ப்போமே, அதற்கு நீ ஒரு விளக்கம் சொல்வாய்: "பந்தியில முண்டியடிக்கிறவனை வெளிய நிறுத்துனாத்தான்டி கூச்சப்படுறவன் சாப்பிடுவான்."

மூன்றாம் நாளும் பிளேட் வெறுமையாகவே இருந்தது. மேலாளர் வந்து நின்றார். "இன்னும் எதுக்குங்க வெச்சிருக்கீங்க? ஒண்ணும் வளரலைன்னு போட்டு அனுப்புங்க."

"ஒரு வாரம் ஆகட்டும் சார். அதுக்கு முன்னாடி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நானா பேசினேன்! வாயில்லாப் பூச்சி என்று என்னைக் கேலி செய்வாயே. வெளியே அந்த வாழைக்காரரின் மனைவி தினமும், "ரிசல்ட் வந்துருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். ஒன்றுமே வளராவிட்டால்? காத்திருந்த நாளெல்லாம் அவருக்கு நான் செய்த கெடுதல் ஆகிவிட்டால்?

உனக்கும் சர்க்கரை. உனக்கும் கொள்ளிடக் கரையில் தோட்டம். இருமல் நிற்காமல், ஒரு புதன்கிழமை உன் சளியை நீயே ஊதா பிளேட்டில் தடவி வைத்தாய். "ஒரு வாரம் தொடாதடி" என்று சொல்லிவிட்டு லீவில் போனாய். நம் லேபில் சனிக்கிழமை என்றால் இன்குபேட்டரைக் காலி செய்து துடைக்க வேண்டும். துடைத்தேன். உன் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எதுவும் இல்லை. மற்றதோடு சேர்த்து, கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டேன், பாவி.

நீ போனில் கேட்டபோது, "ஒண்ணும் வளரலடி" என்றேன். தூக்கிப் போட்டதைச் சொல்லவில்லை. நீ என்னை நம்பி டிபி மாத்திரை சாப்பிட்டாய். பெரிய ஆஸ்பத்திரியில் உன் ரத்தத்தில் அதே கிருமியைக் கண்டுபிடித்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது.

இன்று நான்காம் நாள். பிளேட்டைத் தூக்கிப் பார்த்தேன். சுருக்கம் விழுந்த ஊதாப் புள்ளிகள், ஏழெட்டு இருக்கும். உறுதிச் சோதனையையும் முடித்து டாக்டருக்குப் போன் செய்தேன். மதியமே மருந்தை மாற்றிவிட்டார்கள்.

"பொழச்சுக்குவாராம்மா?" என்றார் அந்த அம்மா.

"சரியான மருந்து ஏறுதும்மா" என்றேன். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்? சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். உன் பிளேட்டை இன்னும் ஒரே ஒரு நாள் விட்டிருந்தால், அடியே.

சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இளைத்திருக்கிறார். "கடைசி வரைக்கும் நீங்க கூடவே இருந்தீங்க. அதுதாங்க அவளுக்குப் பெரிய தெம்பு" என்றார், எப்போதும் சொல்வதைப்போல.

எப்போதும்போல நானும் தலையாட்டினேன்.