வெண்திட்டில் பதில் சொன்ன குரல்

மலை தழைக்க, மழை பிழையாதிருக்க. பனிவரை நாட்டின் பன்னிரு குன்றுகளுக்கும் உடையவரும், கோல் கோணாத நீதியினருமாகிய பேரரசி ஆரமாதேவியாரின் திருமுன்புக்கு, நெடுங்கழி நாட்டு மன்னனும், முப்பது துறைகளின் காவலனும், விருந்தோம்பும் வேந்தன் என்று பாணர் வாயால் பட்டம் பெற்றவனுமாகிய பரவைநம்பி தன் கையாலேயே எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் கால்நடைகளும் குறைவின்றி வாழ்க. என் நலம் கேட்கத் தக்கதன்று.

தங்கள் இளவல் செங்குன்றரைக் கடல் நடுவே விட்டுவந்த தோணிக்காரன் ஆதனை வரும் பௌர்ணமிக்குள் கட்டி அனுப்புமாறு கேட்டிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். அவன் குற்றமற்றவன். புறப்படுமுன் இளவலின் பெயரைக் கூப்பிட அவன் மறந்தான் என்று சென்ற ஆண்டு என் முத்திரையோடு வந்த ஓலை பொய்; அதை எழுதச் சொன்னவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். மாசியில் கடல் அடங்கியிருக்கும்போது பிறநாட்டு விருந்தினரை அழைத்துச்சென்று எங்கள் கரையைக் காட்டுவது இந்நாட்டு மன்னர்களின் கடமை. சென்ற ஆண்டு அப்படி வந்த, கடலையே கண்டிராத தங்கள் இளவல் அன்று காலை முதல் ஓரிடத்தில் நிற்கவில்லை. அலையாத்திக் காட்டுக் கால்வாயில் துடுப்பைத் தாமே பிடுங்கி வலித்தார். சங்கு குளிப்பவரோடு தாமும் குதித்து, வெறும் மணலை அள்ளிவந்து அதையே பரிசில் போலக் காட்டினார். நான் அவருடைய மலைநாட்டுப் பேச்சை அப்படியே பேசிக் காட்ட, அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறர் குரலில் பேசுவது எனக்குச் சிறுவயது முதல் வாய்த்த வித்தை. விருந்தினர் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

பிற்பகலில் இரண்டு தோணிகளில் வெண்திட்டுக்குப் போனோம். நீர் வற்றும்போது மட்டும் கடலிலிருந்து எழும் மணல்மேடு அது. நான்கு நாழிகை நிற்கும், பிறகு ஆளுயர நீர் ஏறிவிடும். ஆகையால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. புறப்படுமுன் தோணிக்காரன் விருந்தினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவரவர் தம் வாயால் இருக்கிறேன் என்று சொன்ன பிறகே கயிற்றை அவிழ்ப்பான். ஒருவருக்காக மற்றொருவர் பதில் சொல்வதை எங்கள் துறைகளில் பச்சைக் குழந்தையும் செய்யாது.

ஆதன் செங்குன்றரே என்று கூப்பிட்டான். பதில் இல்லை. மறுமுறையும் கூப்பிட்டான். களைத்த இளவல் இரண்டாம் தோணியின் கூண்டுக்குள் உறங்குகிறார் என்று நான் நினைத்தேன். முதல் தோணியின் கடைசியில், பிறருக்கு முதுகு காட்டி இருந்தபடியே, ஒரு விளையாட்டாக, அவர் குரலில் இருக்கிறேன் என்றேன். என்னோடிருந்தவர்கள் அவர் அந்தத் தோணியில் இருப்பதாக எண்ணினார்கள். அதிலிருந்தவர்கள் இந்தத் தோணியில் இருப்பதாக எண்ணினார்கள். ஆதன் கயிற்றை அவிழ்த்தான். அவரோ மேட்டின் மறுபுறம், சிறு குட்டையொன்றில் நட்சத்திர மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கரைசேர்ந்து கூண்டைத் திறந்தபோது அதில் அவருடைய மேலாடை மட்டும் கிடந்தது. திரும்பிப் போனோம். திட்டு இருந்த இடத்தில் கடல் இருந்தது. மூன்றாம் நாள் அலையாத்தி வேர்களுக்கிடையே அவரைக் கண்டெடுத்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

விசாரணையில் ஆதன் சொன்னதை ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்: "கூப்பிட்டேன். பதில் வந்துச்சு. அதான் அவுத்தேன்." தோணியிலேயே இல்லாதவர் எப்படிப் பதில் சொல்வார் என்று அவையோர் அவனை ஏசினார்கள். நீதி சொல்லும் இருக்கையில் நான் அமர்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லாமல் அவனைச் சிறைக்கு அனுப்பினேன். அதைவிடக் கேவலமான செயலை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

இந்த மாசியிலும் விருந்தினர் வந்தார்கள். வெண்திட்டுக்கு அழைத்துப் போனோம். புதிய தோணிக்காரன் எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்ததும், கூப்பிடாத ஒரு பெயருக்குப் பதில் வந்தது. இருக்கிறேன் என்றது, மலைநாட்டுப் பேச்சில். மேட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்; ஒருவரும் இல்லை. பிறகுதான் கவனித்தேன், தோணியில் ஒருவரும் மேட்டைப் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையால் வாயைப் பொத்தினேன். பொத்திய கைக்குள்ளிருந்து மீண்டும் ஒருமுறை வந்தது.

இப்போது அவையிலும் வருகிறது. வாயிற்காவலன் முறையிட வந்தவர்களில் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் என் தொண்டை தானாக அசைகிறது. மருத்துவர் கசாயம் கொடுத்தார், பூசாரி கயிறு கட்டினார். எனக்குப் பயமாயிருக்கிறது, அரசியாரே. இதை மன்னனுக்குரிய சொற்களில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நேற்றுச் சிறைக்குச் சென்று ஆதன் முன் உண்மையைச் சொன்னேன். அவன் வியக்கவில்லை. தோணியிலேயே சந்தேகப்பட்டானாம், மன்னன் மேல் பழி சொன்னால் யார் நம்புவார்கள் என்று இருந்துவிட்டானாம். பிறகு அவன் கோபமில்லாமல் சொன்னது இது: "எல்லார் பேரையும் கூப்பிட்டேன் ராசா. உங்க பேரு ஒன்னைத்தான் கூப்பிடக் கூடாதுன்னு வச்சிருக்கு." ஆம், எங்கள் நாட்டில் குடிகள் மன்னன் பெயரை வாயால் சொல்வதில்லை. ஆகவே எனக்கு முன்னிருந்த எவனும், நானும், எந்தத் துறையிலும் பதில் சொல்ல நேர்ந்ததில்லை.

இனி என் ஆணை. ஆதன் இன்றே விடுதலை பெறுக. அவனைப் பழித்த தீர்ப்பு முப்பது துறைகளிலும் பொய்யென்று பறையறையப்படுக. வெண்திட்டுக்கு இனி ஒரு தோணியும் செல்லற்க. என் தங்கை அரியணை ஏறுக.

தாங்கள் கேட்ட பௌர்ணமிக்கு முன் தங்கள் ஆற்றுத்துறையில் ஒரு தோணி வந்து நிற்கும். அதை வலித்து வருபவன், தன் விருப்பத்தால் இசைந்த ஆதன். கைகள் கட்டுண்டு வருபவன் நான். அவன் தங்கள் முன்னிலையில் என் பெயரை உரக்கக் கூப்பிடுவான். பதில் என் குரலில் வந்தால், என்னைத் தண்டியுங்கள். வேறு குரலில் வந்தால், தங்கள் தம்பியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் இந்த வாயை அடைத்துவிடுங்கள்.

சுறா முத்திரை இட்டு, பட்டம் ஏதுமின்றி,
பரவைநம்பி.